கண்டிப் பனியும் தொட்டித் தாமரையும்

கண்டியிலே பனிக்காலம் உண்டென்று எழுதத் தொடங்கினால், நுவரெலியாவில் வாழும் நம் பழைய மாணவர் நகைப்பர். பருத்தித்துறையில் வாழ்பவர் கம்பளியைத் தேடுவர். இரு சாராரும் பொறுத்தருள்க. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணமொன்றின் அடியிலே கிடக்கும் இந்நகரம் உறைபனியைக் கண்டதில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலைகளிற் புல்நுனி வெளுத்துக் கருகுவதுண்டு, இங்கே அதுவுமில்லை. மார்கழி இரவுகளில் வெப்பம் 18 பாகை செல்சியஸ் அளவிற்கு இறங்கும். மேகமற்ற சில இரவுகளில் அதற்கும் சற்றுக் கீழே போகும். அவ்வளவே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முழுதாக ஒரு மணி நேர வேற்றுமைகூட இங்கில்லை. எனினும், இச்சிறு மாற்றத்தை மனிதராகிய நாம் ஒரு போர்வையாற் கடந்துவிட, நீரில் வாழும் செடிகள் தம் வாழ்வையே அதற்கேற்ப மாற்றிக்கொள்கின்றன.

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எழுதியிருந்தார்கள். தமிழாசிரியனிடம் வேறென்ன கேட்பது? தாமரையும் ஆம்பலும் நெய்தலும் இலக்கியப் பூக்களே என்பதால் அவர்களது ஆணையை மீறாதவனாகிறேன். சேறும் உடன் வரும். அதற்கு என் செய்வது!

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்துக் கண்டிக்கு நியமனம் பெற்று வந்தபோது, நான் பணியேற்ற பாடசாலையின் பின்புறத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், மூன்றடி ஆழம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் முன்னொரு காலத்தில் நீர்த்தாவரங்களைக் காட்டிக் கற்பிப்பதற்காகக் கட்டுவித்தது. உள்ளே இரண்டு பெரிய சாடிகளிற் தாமரை, தென்மூலையில் நீலப் பூவுடைய ஆம்பல், அடியில் ஐதரில்லா. சல்வீனியாவை எவரும் கொண்டுவந்து விடவில்லை. அது தானே வந்து சேர்ந்திருந்தது. 1939ஆம் ஆண்டில் ஆய்வுக்காக இலங்கைக்குக் கொணரப்பட்ட அச்செடி இன்று எத்தொட்டியையும் தன் வீடெனக் கருதுகிறது. விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போன பின் தொட்டிக்கு உரியவர் இல்லாதிருந்தார். தாமரையைப் பாடத்திற் படிப்பிப்பவர் என்ற ஒரே தகுதியால் அது என் பொறுப்பிற்கு வந்தது.

முதலாண்டு மார்கழியில் இலைகள் மஞ்சளித்தன. பின் பழுப்பேறி மடிந்தன. நீர் தேநீரின் நிறம் கொண்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இது புதுமை. நம்மூர்க் குளங்களின் நாட்காட்டி வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிரம்பும்; மார்கழி, தைப் பனியில் நம் கோயிற் குளங்கள் பூவாற் பொலியும்; வைகாசிக்குப் பின் நீர் வற்றத் தொடங்கி, ஆடியிற் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே செடிகள் உறங்குவது கோடையில், வெடித்த சேற்றின் அடியில். கண்டியில் நீர் வற்றுவதில்லை. இங்கே அவை உறங்குவது முன்பனியில், குளிர்ந்த நீரின் அடியில். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என நம் முன்னோர் ஆண்டை ஆறாக வகுத்ததை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். ஒரே செடி ஓரூரில் முன்பனியிற் பூத்து, மற்றோரூரில் முன்பனியில் உறங்கும் என்பதை எனக்குக் கற்பித்தது இத்தொட்டி.

உண்மையான ஆசான் தொட்டியன்று, ஒரு பெரியவர். பேராதனைப் பூங்காவில் நீர்ச்செடிகளைப் பேணி ஓய்வுபெற்றவர்; பாடசாலைக்கு அயலில் வசிப்பவர்; சிங்களவர். மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் அப்பூங்கா 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவராற் பேராதனையில் நிறுவப்பட்டது என்பதை நான் நூலிற் படித்தவன். அவரோ அதன் சேற்றில் முப்பதாண்டுகள் நின்றவர். அழுகிய இலைகளைக் கண்டு நான் கிழங்குகளைப் பிடுங்கிவிட எண்ணியிருந்த வேளையில், மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்து, “நித்திரை, மாஸ்டர். சாகவில்லை” என்றார். பின்னர் வேலியோரத்து வாயிலால் உள்ளே வந்து முழங்கை வரை கையை விட்டு, சாடியின் அடியைத் தடவி, என் விரலையும் அங்கே வைத்துக் காட்டினார். கிழங்கு கல்லைப்போல் உறுதியாக இருந்தது.

அவரிடம் கற்றவற்றுள் முதலாவது, தாமரையின் காய்ந்த தண்டை நீருக்குக் கீழே வெட்டலாகாது என்பது. தாமரைத் தண்டு உள்ளே குழல்களாக இருப்பதை நாமறிவோம். இலை வாங்கும் காற்று அக்குழல்களின் வழியே கீழிறங்கிச் சேற்றினுள்ளிருக்கும் கிழங்கிற்கு மூச்சாகிறது. சேற்றிலே காற்று இல்லை. இலை காய்ந்த பின்பும் தண்டு ஒரு புகைபோக்கியைப்போல் நின்று அப்பணியைச் செய்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே அதனை வெட்டினால், குழல் வழியே நீர் இறங்கிக் கிழங்கு அழுகும். ஆகவே, நீருக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டுதல் வேண்டும். துப்புரவுப் பணியென்று மாணவரை ஏவினால், அவர்கள் செய்யும் முதல் வேலை அந்த அசிங்கமான குச்சிகளை அடியோடு அறுப்பதுதான்! ஆம்பலின் செய்தி வேறு. அதன் மடிந்த இலைகளைக் காம்போடு அகற்றிவிடலாம், அகற்றவும் வேண்டும். அழுகும் இலை நீரிலுள்ள உயிர்வாயுவை உண்டுவிடும். மூடுபனி கவிந்த விடியலில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவது அதனாலேயே.

பசளை பற்றியும் அவர் கண்டிப்பானவர். நீரின் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்கிய காலத்தில் வேர் எதையும் உண்ணாது. அப்போது இடும் மாட்டெருவை உண்பது பாசியே. கிழங்கைப் பிரித்து நடுவதும் அப்போது கூடாது. மாசி பிற்பகுதியில் முளை சற்றே அசையத் தொடங்கும்போது பிரிக்க வேண்டும்; அம்முளையோ மிக எளிதில் ஒடிவது; ஒடிந்த துண்டு பெரும்பாலும் பிழைக்காது. குளிர் மிக்க நாடுகளில் வெப்பநாட்டு ஆம்பற் கிழங்குகளை இலையுதிர் காலத்தில் அகழ்ந்து, ஈர மணலிற் புதைத்து, வீட்டின் குளிர்ந்த அறையொன்றில் வேனில் வரை வைத்திருப்பர். தாமரையோ பனிக்கட்டி மூடிய குளத்திலும் பிழைக்கும், கட்டி கிழங்கைத் தொடாதிருந்தால். நமக்கு அத்துணைத் துன்பமில்லை. ஆனால் பெரியவர் ஒரு கிழங்கையாவது ஈர மணற் சட்டியில் தனியே வைக்கச் சொன்னார். “ஒரு பிள்ளை வீட்டில் இருக்கட்டும்” என்பது அவர் கூற்று.

வெயிலைப் பற்றிய செய்தியை மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன் எனச் சற்றுப் பெருமையுடன் எழுதுகிறேன். கண்டி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏழு பாகையளவிற் கிடக்கிறது. மார்கழியிற் சூரியன் தென்கோடிக்குச் செல்லும்போது நண்பகலிலும் அது உச்சிக்கு வருவதில்லை. 30 பாகைக்குச் சற்று மேல் தெற்கே சாய்ந்து நிற்கும். எம் தொட்டியின் தெற்கிலே இரண்டு மாடிக் கட்டடம். ஆடியில் தொட்டியை முழுதும் நனைக்கும் வெயில், மார்கழியிற் கட்டடத்தின் நிழலாற் பாதி விழுங்கப்படுகிறது. தாமரைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலேனும் வேண்டும். குளிரைக் காட்டிலும் இந்நிழலே செடியை அதிகம் வருத்துகிறது என்பது என் துணிபு. அதன் பின், கார்த்திகை முடியுமுன் இரு சாடிகளையும் வட விளிம்பிற்கு நகர்த்துவது எம் வழக்கமாயிற்று. ஆம்பல் சாடியிலன்றித் தொட்டியின் மண்ணிலேயே வேரூன்றியிருந்தமையால் அதை நகர்த்த வழியில்லை.

இனி இடுக்கண் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பதினொரு நாள் வைத்தியசாலையிற் கிடந்து மீண்டாள். நீர் தேங்கும் இடமெல்லாம் எமனின் வாயிலெனத் தோன்றிய காலம் அது. 2018 மார்கழி விடுமுறைக்கு முன் கூடிய ஆசிரியர் கூட்டத்தில், தொட்டியை மண்ணிட்டு நிரப்பிப் பூம்பாத்தியாக்குவது எனப் பேசப்பட்டது. நான் ஆட்சேபித்தேன். அப்போது சக ஆசிரியை ஒருவர், “செத்த செடிக்காக உயிரோடிருக்கும் பிள்ளைகளைப் பணயம் வைப்பதா?” என்று கேட்டார்.

அக்கேள்வி நியாயமானது. அவருடைய வகுப்பு மாணவிதான் வைத்தியசாலையிற் கிடந்தவள். அழகென்றும் இலக்கியமென்றும் நான் பேசியிருந்தால், எவரும் செவிசாய்த்திருக்கமாட்டார், செவிசாய்த்திருக்கவும் கூடாது. எனக்குத் தெரிந்த இரண்டே செய்திகளைச் சொன்னேன். செடி சாகவில்லை என்பது ஒன்று. டெங்கு நுளம்பு விரும்புவது சிரட்டை, தகரப்பேணி, பூச்சாடித் தட்டு போன்ற சிறு கொள்கலங்களில் தேங்கும் நீரை. கப்பி மீன் நிறைந்த தொட்டியில் அதன் குடம்பிகள் தப்புவது அரிது என்பது மற்றொன்று. அதிபர் இருபுறமும் கேட்டுவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்தார்.

பரிசோதகர் வெண்ணிற அகப்பையாற் தொட்டியின் பல இடங்களிலும் நீரை மொண்டு மொண்டு பார்த்தார். மீன் குஞ்சுகள் அகப்பட்டன, குடம்பி ஒன்றுமில்லை. தொட்டியிலிருந்து இருபதடி தூரத்தில், சிற்றுண்டிச்சாலையின் பின்னாற் கிடந்த மூன்று சிரட்டைகளிலும் உடைந்த வாளியொன்றிலும் குடம்பிகள் நெளிந்தன. ஆயினும் அவர் கவனமான மனிதர். நீர் நிறம் மாறிக் கிடக்கிறது, மீன் செத்தால் எல்லாம் மாறிவிடும், விடுமுறையில் யார் பார்ப்பது என்று கேட்டார். மாசி இறுதி வரை தவணை தந்தார். வாரந்தோறும் நீரை மொண்டு பார்த்துக் குறிப்பேட்டிற் பதிய வேண்டும், மீன் குறையலாகாது, மாசி முடிவிலும் தொட்டி இவ்வாறே கிடந்தால் மண்ணிட்டு மூட வேண்டும். செடிகள் விழித்துத் தம் வழக்கைத் தாமே பேசவேண்டியதாயிற்று.

தை பிறந்து முதற்றவணை தொடங்கிற்று. குறிப்பேட்டில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரே வாசகம். நீர் 19 பாகை, குடம்பி இல்லை, மீன் உண்டு, இலை இல்லை. மாணவர் சலித்துவிடாதிருக்கக் கதைகள் சொன்னேன், கதைகளல்ல, நடந்தவை. 1951இல் ஜப்பானின் சிபா பகுதியில், பழைய சதுப்புப் படிவொன்றின் அடியிலிருந்து ஓகா இச்சிரோ என்னும் தாவரவியலறிஞர் எடுத்த தாமரை வித்தொன்று முளைத்து மறு ஆண்டு பூத்தது. அதன் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டு என மதிப்பிட்டனர். வடகிழக்குச் சீனத்தின் வறண்ட ஏரிப் படுகையிற் கிடைத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டு வயதுடைய வித்து முளைத்ததை ஆய்வாளர் 1995இல் வெளியிட்டனர். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பூங்காவில் தாமரைப் பூக்களின் வெப்பத்தை அளந்தோர் 1996இல் வெளியிட்ட செய்தி இவற்றினும் வியப்பானது. வெளிக்காற்று 10 பாகைக்கு இறங்கியபோதும் பூவின் உட்புறம் 30 பாகைக்குக் குறையாதிருந்தது! விலங்கு தன் உடலைச் சூடாக வைத்திருப்பதுபோலத் தாமரை தன் பூவைச் சூடாக வைத்திருக்கிறது. நாடி வரும் வண்டுகளுக்கு அது வெதுவெதுப்பான வீடு. “அப்போ எங்கட தாமரை ஏன் சேர் கண்ண மூடிக்கிட்டு இருக்கு?” என்று ஒருத்தி கேட்டாள். பூக்கும்போது மட்டுமே அந்தச் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த நாள்களில் ஆறாம் வகுப்பில் மூதுரை நடந்துகொண்டிருந்தது. நீர் வற்றிய குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளைப்போல் துன்பக்காலத்தில் நீங்குவோர் உறவினராகார். அக்குளத்திலேயே கிடக்கும் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் போன்றவரே உறவினர் என்கிறார் ஔவையார். மூன்று செடிகளையும் அவர் தேர்ந்தெடுத்திருக்கும் நுட்பத்தை அதற்குமுன் நான் உணர்ந்ததில்லை. மூன்றும் சேற்றிற் கிழங்கு வைப்பவை. நீர் போனால் இலையைத் துறந்து கிழங்கிற் சுருங்குபவை. கொட்டியின் இனத்தைச் சேர்ந்ததே சிங்கள மக்கள் கெக்கட்டிய என்று கறி சமைக்கும் நீர்ச்செடி. ஔவையார் குளத்தருகே நின்று பார்த்துப் பாடியவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஹந்தானைச் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வரும் சிறுவன் எழுந்தான். “சேர், பறவைக்குக் கிழங்கு இல்லையே. பசிச்சா அது என்னா செய்யும்?”

உரையாசிரியர் எவரும் இவ்வினாவை எழுப்பியதாக நான் படித்ததில்லை. அவன் பாட்டியின் உடன்பிறந்தார் அனைவரும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதைப் பின்னர் அவன் தாயிடமிருந்து அறிந்தேன். 5,25,000 பேர் அங்கே செல்வதென்றும், 3,00,000 பேர் இங்கே குடியுரிமை பெறுவதென்றும் இரு பிரதமர்களும் உடன்பட்ட நாள் அவ்வாண்டு ஒக்டோபர் 30. மலர்க்குழுவினரில் என் வயதொத்தோர் இத்திகதியைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலையில், ஐப்பசி மழையில், நாமும் நம் பெற்றோரும் வலிகாமத்தை விட்டுச் செம்மணி வெளியால் நடந்தோம். கல்லூரி வாயிலைப் பூட்டியவர் எவரோ, அறியேன். 1996 வைகாசியில் நான் திரும்பி வந்தபோது எம்மூர்க் கோயிற் குளம் கணுக்கால் ஆழத்திற்கு வற்றிக்கிடந்தது. ஆம்பல் இலைகள் சேற்றோடு ஒட்டிக்கிடந்தன. பூப்பறிக்கவோ, தூர் வாரவோ, விளக்கேற்றவோ ஆளில்லாத ஏழு மாதங்களில் அவை ஒருமுறை முழுதாகப் பூத்து ஓய்ந்திருக்கவேண்டும். அவ்வாண்டுக் கார்த்திகையில் மீண்டும் பூத்தன.

சிறுவனுக்கு என்ன விடை சொன்னேன் என்பதை எழுதாமல் விடுவது முறையன்று. பறவை மழை வந்ததும் திரும்பும், அதை ஔவையார் அந்தப் பாட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றேன். “திரும்பி வராத பறவை?” என்றான். மணி அடித்தது.

மாசி இரண்டாம் வாரத்திலே அவனே அதனைக் கண்டான். வட விளிம்புச் சாடியின் நீர்ப்பரப்பில், ஐந்து ரூபா நாணயமளவில், சுருள் அவிழாத ஓரிலை. தாமரையின் முதலிலைகள் இவ்வாறு சிறிதாய் நீரில் மிதப்பவை. நிமிர்ந்து நிற்கும் பெரிய இலைகள் பின்பே வரும். குறிப்பேட்டில் “இலை 1” என்று அவன் எழுதிய எழுத்து, எழுதுகோல் தாளைக் கிழிக்குமளவு அழுத்தமானது. ஆசிரியை வந்து பார்த்தார். மாத முடிவிற் பரிசோதகர் வந்தபோது இலைகள் ஏழு. அகப்பையால் மொண்டு பார்த்துவிட்டு, குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதுங்கள் என்று மட்டும் கூறிச் சென்றார். சிரட்டை பொறுக்குவதும் அக்குறிப்பேட்டில் ஓர் உருப்படியாகச் சேர்ந்தது. அது ஆசிரியையின் யோசனை. இன்றுவரை அப்பக்கத்தை அவரே ஒப்பமிடுகிறார்.

தென்மூலை ஆம்பல் விழிக்கவில்லை. பங்குனியில் மண்ணைத் தோண்டினோம். கிழங்கு கைபட்டதும் குழைந்துபோயிற்று. ஈர மணற் சட்டியிற் பெரியவர் வைக்கச் சொன்னது தாமரைக் கிழங்கே. ஆம்பலில் எங்களிடம் மிச்சம் ஏதும் இல்லை. அம்மூலை அதன் பின் வெறுமையாயிற்று. சாடியொன்றில் வைத்து வட விளிம்பில் வளர்ப்பதற்கு வேறொன்று தேடத் தொடங்கினோம்.

தேடும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. எம்மிடமிருந்து மறைந்தது நாட்டின் தேசியப் பூவாகிய நீல மானெல் அன்று. 1986இல் தேசியப் பூவாக அறிவிக்கப்பட்ட அதனை நாம் நெய்தல் என்போம்; அதன் இதழ் வெளிறிய நீலம். ஊதா நிறம் அடர்ந்து, பூச்சாடிக் கடைகளிலும் பல படங்களிலும் அப்பெயரோடு உலவுவது அயலிலிருந்து வந்த கலப்பினம் எனப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். எம் தொட்டியில் இருந்ததும் அந்த ஊதாவே. தலதா மாளிகை வாயிலில் நெலும், ஓலு, மானெல் என்று கூவி விற்கும் பூக்கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன்; தாழ்நிலக் குளங்களிலிருந்து வருவது பூ மட்டுமே, கிழங்கு வருவதில்லை என்றார்கள். (தாமரைக்கு மேனாட்டுத் தாவரவியலார் இட்ட நெலும்போ என்னும் பெயர், இவர்கள் வாயில் வழங்கும் இந்த நெலும் என்ற சொல்லே.)

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஆடி, ஆவணியில் ஊருக்குப் போகிறவர்கள், வற்றிய குளத்தில் நெய்தற் கிழங்கு கண்டால், குளத்துக்குரிய கோயிலாரிடமோ ஊராரிடமோ கேட்டு இரண்டொன்று எடுத்து வாருங்கள். பூத்த நாளிற் பார்த்து வைத்த இடமாக இருத்தல் நலம். வெள்ளாம்பற் கிழங்கும் அருகிலேயே கிடக்கும். கிழங்கைக் கழுவ வேண்டாம். ஒட்டிய சேற்றோடு ஈரச் சணற்சாக்கிற் சுற்றி, காற்றுப் புகும் பெட்டியில் வைத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரும் இரவுப் பேருந்தில் வாடாது வந்து சேரும். கார்த்திகைக்கு முன் கிடைத்தால், குளிர் இறங்குமுன் வேர்பிடித்துக்கொள்ளும். பாடசாலை முகவரி மலர்க்குழுவினரிடம் இருக்கிறது. சாடியும் மணலும் ஆயத்தம்.